மெய்ப்புப் பார்ப்பவள்

பின்மண்டையில் ஒரு துளை.
பென்சில் நுழையுமளவு என்றார் சென்னை டொக்டர்.
அதற்குள் நூல்போல் ஒரு கண்ணாடி இழை,
இழையின் நுனியில் சூடு.
ஒரே ஒரு தையல். மூன்றாம் நாள் தோசை தின்றேன்.
தலையைக்கூட முழுதாய் மழிக்கவில்லை,
கொண்டை போட்டால் யாருக்கும் தெரியாது.

ஒன்று சொல்லியிருந்தார்கள், கையெழுத்தும் வாங்கினார்கள்:
சுடுகிற இடத்துக்குப் பக்கத்தால்
பார்வையின் நரம்பு வளைந்து போகிறது,
அதன் ஓரம் வாடலாம்.

வாடியது.

ஊர் திரும்பி, ஆசுபத்திரியில்
வெள்ளைக் கிண்ணமொன்றுக்குள் முகத்தை வைத்திருந்தேன்.
"வெளிச்சம் தெரிஞ்சா அமத்துங்கோ" என்றாள் சிஹாரா மிஸ்.
அமத்தினேன், அமத்தினேன்,
பிறகு நெடுநேரம் ஒன்றும் வரவில்லை.
"மெசின் நிண்டுட்டுதா?"
"இல்லை அக்கா, ஓடிக்கொண்டுதான் இருக்கு."
தாளில் வந்தது:
வலப்பக்கம், மேலே, கால்வாசி கறுப்பு.
இரண்டு கண்ணுக்கும் அதே கால்வாசி.

கறுப்பு என்பது மெசினின் பேச்சு.
எனக்கு அங்கே கறுப்பில்லை, திரையில்லை, புகையில்லை.
உங்கள் பிடரிக்குப் பின்னால்
இப்போது என்ன நிறம் தெரிகிறது?
அந்த நிறம்.

திருக்கடலூர்க் கரையில் நின்று
வந்துகொண்டிருக்கும் வள்ளத்தைப் பார்த்தால்
கோணேசர் மலை இல்லை.
மலையைப் பார்த்தால் மலை இருக்கிறது,
அதற்கப்பால் வேறெதுவோ போய்விடுகிறது.
பார்ப்பதை நான் இழக்கவில்லை.
பார்க்காதபோதும் கூடவே நின்றதை இழந்தேன்.

பஸ் நிலையத்தில் புள்ளிமான் ஒன்று
வாழைப்பழத் தோலை மென்றபடி வழிமறித்தது.
அதன் மூக்கைப் பார்த்தேன், ஒற்றைக்கொம்பன்.
கண்ணை உயர்த்தினேன், மற்றக் கொம்பு முளைத்தது.
சிரித்துவிட்டேன். கொண்டக்டர் பெடியன் என்னை ஒருமாதிரிப் பார்த்தான்.

வேலை எனக்கு அச்சகத்தில்.
கலியாண அழைப்பு, மரண அறிவித்தல்,
முப்பத்தோராம் நாள் கல்வெட்டு.
முதலாளி சூசைதாசன் பொறுமைசாலி,
வெட்டும் மெசினடியில் நான் விழுந்து துடித்த அன்று
மெயின் சுவிட்சுக்குப் பாய்ந்தவர்.

திரும்பிவந்த முதற் கிழமையே
ஒரு கல்வெட்டு என்னைத் தாண்டிப் போய்விட்டது.
அட்டையில், கொட்டை எழுத்தில்,
'கணணீர் அஞ்சலி'.

செத்தவரின் மகன் இருநூறு பிரதியையும்
மேசையில் கொண்டுவந்து வைத்தார்.
கத்துவார் என்று காத்திருந்தேன்.
சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்து
ஒவ்வொன்றாய்ப் புள்ளி வைக்கத் தொடங்கினார்.
இன்னொரு பேனையோடு நானும் எதிரில் இருந்தேன்.
நூறைத் தாண்டியபின் கேட்டார்,
"தங்கச்சிக்குக் கண் சரியில்லையோ?"
"கண் நல்லம் அண்ணை."
அதற்கு மேல் சொல்லவில்லை.

மெய்க்குப் புள்ளி வேண்டும்.
அதுவும் தலைக்கு மேல்,
எனக்கென்று இல்லாத அந்த மூலையில்.
ஓலையில் எழுதியவர்கள் அதிகம் புள்ளி வைப்பதில்லையாம்,
ஓலை கிழிந்துவிடும் என்று.
கிழியாமலிருக்க ஒன்றை விட்டுவிடுவது
எனக்கும் விளங்குகிறது.
விட்ட இடத்தை வாசிப்பதுதான் பாடு.

இப்போது தாளைத் தலைகீழாய்த் திருப்பி வைக்கிறேன்.
புள்ளிகளெல்லாம் இறங்கி
எழுத்துகளின் காலடிக்கு வந்துவிடுகின்றன.
ஒரு மணி வேலை இரண்டரை மணியாகிறது.
சூசைதாசன் ஒன்றும் சொல்வதில்லை,
லைற்றை மட்டும் என் பக்கம் திருப்பிவிடுகிறார்.

வீட்டில் கூட்டுறவுச் சங்கக் கலண்டர்.
எனக்கு வலிப்பு வந்த நாளில்
குகநேசன் சிவப்புப் புள்ளி வைப்பார்.
போன வருசம் ஆவணியில் மட்டும் பதினொன்று.
இந்த வருசம் தை, மாசி, பங்குனி,
சித்திரையும் போயிற்று.
முன்னறிவிப்பாய் வரும் எரிந்த ரப்பர் மணமும் இல்லை.

நேற்று அவர் தூங்கியபின்
கலண்டரை ஆணியிலிருந்து கழற்றினேன்.
குசினி வெளிச்சத்தில்
ஒவ்வொரு மாதமாய்த்
தலைகீழாய்ப் பிடித்தும் பார்த்தேன்.